ஓநாயில் நான் விட்ட எழுத்து

கொடி நாள்

வனக்காப்பாளராகச் செங்கல்பட்டுக்கு மாற்றலாகி வந்த முதல் நாளே என்னை ராணுவப் பயிற்சி நிலத்துக்கு அனுப்பினார்கள். திருக்கழுக்குன்றம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, முட்புதரும் கல்லுமாகக் கிடக்கும் இடம். துப்பாக்கி சுடும் நாளில் சிவப்புக் கொடி ஏற்றுவார்கள். அன்று யாரும் நுழையக் கூடாது. கொடி ஏற்றுபவர் முனுசாமி, பக்கத்து ஊர்க்காரர்.

"இங்க நரி இருக்காண்ணே?" என்று அவரிடம் கேட்டேன்.

"நரி இன்னா மேடம் நரி. ஓநாயே கீது, சோடியா. கொடி ஏத்துனா போதும், மேட்டோரப் பொதருல வந்து படுத்துக்கும். அன்னிக்கு ஆடும் வராது, ஆளும் வராதுன்னு அதுங்களுக்குத் தெரியும்."

"வெடிச் சத்தத்துக்குப் பயப்படாதா?"

"எனக்குத்தான் காது போச்சு. அதுங்க கொட்டாவி வுடுது."

இந்தப் பக்கம் ஓநாயே கிடையாது என்றுதான் நான் படித்திருந்தேன். அடுத்த கொடி நாளில் வாசல் காவல் கூண்டிலிருந்து பைனாகுலரில் பார்த்தேன். காய்ந்த புல்லின் நிறத்தில், நீண்ட கால்களோடு இரண்டு. பெண் ஓநாய் ஆணின் முதுகில் முகவாயை வைத்துப் படுத்திருந்தது.

பதிவேடு

கண்ட விலங்கின் பெயரை அன்றே என் காவல் பகுதிக்கான பீட் பதிவேட்டில் எழுத வேண்டும். ஓநாய் என்று எழுதினால் செய்தி ஊருக்குள் போகும், ஆடு வளர்ப்பவர்கள் விஷம் வைத்துவிடுவார்கள் என்று பயந்தேன். எனக்குக் காய்ச்சல் அடித்தால்கூட ஹாஸ்டலில் இருக்கும் மகளிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்லிப் பழகியவள் நான். முதல் எழுத்தை விட்டுவிட்டு, 'நாய் - 2' என்று எழுதினேன்.

அதன் நகல் பயிற்சி நிலத்து அலுவலகத்துக்கும் போகும் என்று யோசிக்கவில்லை. படுத்துச் சுடுகிறவர்கள் நடுவே நாய் ஓடினால் ஆபத்து என்று அவர்கள் நாய் பிடிக்கும் வண்டியை வரவழைத்துவிட்டார்கள். அந்த வாரம் நான் விடுப்பில் இருந்தேன்.

திரும்பி வந்தபோது முனுசாமி என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பொட்டையப் புடிச்சிகினு போயி, நாலு நாள் கழிச்சு வுட்டுட்டாங்க மேடம். காதுல வெட்டிக்கீறாங்க."

காதில் வெட்டு என்றால் கருத்தடை செய்தாகிவிட்டது என்று அடையாளம்.

"ஓநாய்னு நீங்க சொல்லலியாண்ணே?"

"சொன்னேனே. மேடமே நாய்னு எழுதிக்கீறாங்க, உனுக்கு இன்னா தெரியும்னு பேப்பரக் காட்டுனாங்க."

வண்டி ஓட்டுநருக்குப் போன் செய்தேன். "கடிக்கவே இல்ல மேடம். சுருண்டு படுத்துகினு எங்களப் பாக்கவே பாக்கல. சாதுவான நாயின்னு நெனச்சோம்" என்றார்.

மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெமோ கொடுத்தார். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

இப்போது

மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வேறு ஓநாய் எதுவும் இங்கே வரவில்லை. குளிர்காலம் வந்தால் இரண்டும் சேர்ந்து மேட்டோரம் வளை தோண்டுகின்றன. மண்ணைத் தள்ளி, உள்ளே போய்ப் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வருகின்றன. அதைப் பார்த்த அன்று, காரணம் சொல்லாமல் மகளுக்குப் போன் செய்வேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான்: காப்பாற்றுவதற்காக என்றாலும் பெயரை மாற்றி எழுதாதீர்கள். அந்த உயிருக்குக் கிடைக்க வேண்டியதெல்லாம் அந்தப் பெயருக்குத்தான் கிடைக்கும்.

இப்போது ஒவ்வொரு மாதமும் 'ஓநாய் - 2' என்று முழுதாக எழுதுகிறேன். பக்கத்தில் 'குட்டி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் கொஞ்ச நேரம் காலியாகவே வைத்திருந்துவிட்டு, பிறகு 'இல்லை' என்று எழுதுகிறேன்.