பந்தியில் இருந்த வாக்கு

வழக்கறிஞன் என்றால் நீதிமன்றத்தில் நின்று வாதாடுபவன் என்றுதான் இந்த வெள்ளைக்கார ஊருக்கு அகதியாக வந்த எங்கள் ஆட்கள் நினைத்தார்கள். என் வேலை வேறு. சட்டம் நிறைவேறுவதற்கு முன்பே அதில் ஒரு வரியையாவது மாற்றச் சொல்லி எம்.பி.க்களின் பின்னால் அலைவது. பாதி நேரம் கெஞ்சல்தான். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தத் தொழிலில் எப்படித்தான் காலம் தள்ளினேனோ!

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சட்டமூலம் வந்தது. விமான நிலையத்திலேயே அகதி என்று சொல்லாமல், வெளியே வந்த பிறகு விண்ணப்பித்தவர்களுக்கு வாடகை உதவி கிடையாது என்றது அது. எங்கள் ஆட்களில் பலர் அப்படித்தான் வந்திருந்தார்கள். வாயைத் திறக்காதே என்று, காசு வாங்கி ஆள் அனுப்பும் ஏஜென்ட் பயமுறுத்தி அனுப்பியிருப்பான். ரெய்னர்ஸ் லேன் பக்கம் ஒரு தமிழ்ச் சங்கத்தின் செயலாளராக இருந்தவரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய மகளும் அப்படி வந்து மூன்றாம் நாள் விண்ணப்பித்தவள்தான். நகரின் மறு கோடியில், தோர்ண்டன் ஹீத்தில் ஓர் அறையில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். சட்டம் அப்படியே நிறைவேறினால் அந்த அறை போய்விடும்.

வந்து ஒரு வாரத்துக்குள் விண்ணப்பித்தவர்களுக்கும் உதவி உண்டு என்று நான் ஒரு திருத்தம் எழுதினேன். அதைப் பரிசீலித்த குழுவில் எதிர்க்கட்சிகளைவிட ஆளும் கட்சிக்கு ஓர் ஆள்தான் கூட. அந்தக் கட்சியிலேயே ஒருவர் எங்களுக்கு வாக்களிப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் வந்தால் வெற்றி. வராவிட்டால் இரு பக்கமும் சமம். சமமானால் குழுத் தலைவர் வழக்கப்படி சட்டமூலத்தின் பக்கம் வாக்களிப்பார், எல்லாம் முடிந்துவிடும்.

இதைக் கேட்ட அண்ணை உருகிப்போனார். அந்த எம்.பி.யை, வாக்கெடுப்பு நாளன்றே மதியம், பாராட்டு விழாவுக்கு அழைத்துவிட்டார். வாக்குப் போடும் முன்பே நன்றி சொல்ல ஒரு விழா! எனக்கு அன்று காலைதான் தெரிய வந்தது; நேரத்துக்கு அனுப்பிவிடுவேன் என்று அண்ணை சத்தியம் பண்ணினார்.

பின்னேரம் குழு கூடியபோது அந்த எம்.பி.யின் கதிரை காலியாக இருந்தது. தாழ்வாரத்துத் தொலைபேசியிலிருந்து மண்டபத்துக்கு அடித்தேன். அண்ணைதான் எடுத்தார். பின்னால் மைக்கில் யாரோ முழங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அவரை உடனை அனுப்புங்கோ."

"ஓம் தம்பி, இப்ப வெளிக்கிடுறார். பொன்னாடை போர்த்தாச்சு. ஒரு வாய் சாப்பிட்டிட்டு..."

"சாப்பாடு வேண்டாம்!"

"அதெப்பிடித் தம்பி? எங்களுக்காண்டி வந்த மனிசனைக் கை நனைக்காமல் அனுப்ப ஏலுமே?"

ரிசீவரை அறைந்து வைத்தேன். உள்ளே எங்கள் பக்க எம்.பி. ஒருவர் நேரத்தை இழுத்துப் பேசிக்கொண்டிருந்தார். சரக்குத் தீர்ந்து, முன்பு வாசித்த கடிதத்தையே மறுபடி வாசித்தார். தலைவர் இருமினார், பிறகு எச்சரித்தார். பார்வையாளர் வாங்கில் இருந்த எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் எழுந்து பேச முடியாது, கையசைக்கவும் கூடாது. கடைசியில் எங்கள் பக்க எம்.பி. உட்கார்ந்தார். வாக்கெடுப்பு என்று அறிவித்துக் கதவைப் பூட்டினார்கள்.

பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கும்போது வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். யாரும் திறக்கவில்லை. திறக்கவும் கூடாது. சமம் என்றார்கள். தலைவர் சட்டமூலத்தின் பக்கம் வாக்களித்தார். கதவைத் திறந்தபோது நெற்றியில் சந்தனமும் தோளில் பொன்னாடையுமாக எம்.பி. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

அண்ணையைக் கிழித்துத் தோரணம் கட்டுவது என்றுதான் ரெய்னர்ஸ் லேனுக்கு ரயில் ஏறினேன். மண்டபத்தில் அவர் தனியாகக் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாரும் தம்பி. நீர் காலமையிலையிருந்து ஒண்டும் தின்னாமல் நிண்டிருப்பீர். உமக்கும் எடுத்து வைச்சிருக்கிறன். என்ன மாதிரி, வெண்டிட்டமோ?"

"தோத்திட்டம்."

"ஏன், அவர் வரேல்லையோ?"

"வந்தவர். கதவைப் பூட்டினாப் பிறகு."

அடுக்கிய கதிரையிலேயே கை வைத்தபடி நின்றார். வழி நெடுக நான் சேர்த்து வைத்திருந்த ஏச்சு ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"அவர் போதும் எண்டுதான் சொன்னவர்," என்றார். "நான்தான் இருத்தி வைச்சு, ரெண்டாந்தரமும் பாயசம் வாத்தனான்."

நானும் ஒரு கதிரையை எடுத்து அடுக்கினேன். எனக்கு அழுகை வந்தது.

"மகளுக்கு நீர் போன் எடுக்க வேண்டாம் தம்பி. நானே போய்ச் சொல்லுறன்."

கோட்டைக்கூடப் போடாமல் ஸ்டேஷன் பக்கம் நடந்தார். கோட்டை எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.