டொக்டர் பேச்சும் என் பேச்சும்

கல்யாணமான நாளிலிருந்து, குடிக்காதீங்க என்று கணவரிடம் அழுதும் சண்டை போட்டும் பார்த்துவிட்டேன். கேட்கவில்லை. தலவாக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு கிளினிக் நடத்த வந்த யாழ்ப்பாணத்து டொக்டர், ஓர் இளம் பெண், ஒரே தடவை சொன்னாள். கேட்டுவிட்டார்.

"ஐயா, ஒரேயடியா நிப்பாட்டாதேங்கோ. கை நடுங்கும், வலிப்பும் வரலாம். நான் தாற மாத்திரையோட கொஞ்சம் கொஞ்சமா விடுங்கோ" என்றாள்.

அதன்பிறகு வீட்டில் எந்நேரமும் டொக்டர் புராணம்தான். சாராயம் மூளையை மந்தமாக்குமாம், ஈரலைக் கெடுக்குமாம்.

"இதையேதானே நானும் சொன்னேன்?" என்றேன்.

"நீ திட்டுன. அவங்க வெளங்குற மாதிரி சொன்னாங்க."

எனக்கு வயிறு எரிந்தது. அவர் குடியை விட்டதற்குச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

அடுத்த கிளினிக்குக்கு நானும் கூடவே போனேன். அவள் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"அம்மா, வெத்திலையோட போடுற புகையிலையும் போதைதான். நெஞ்சைப் படபடக்க வைக்கும், வாயில புற்றுநோயும் வரும். விடுங்கோ."

அவர் விட்டுவிட்டார், நான் மட்டும் அவள் முன்னால் தோற்கக்கூடாதென்றே புகையிலையை விட்டேன். கொழுந்து எடுக்கும்போது தலை வெடித்தது. எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். வீட்டுக்கு வந்ததும் கணவர் இஞ்சித் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

"எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. கொஞ்சம் பொறுத்துக்க."

"இதுவும் டொக்டர் சொன்னதா?"

"இல்ல, நான் பட்டது."

குடியை விட்டபோது பட்ட பாட்டையெல்லாம் அன்றுதான் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார். அதை அவளிடம்கூடச் சொல்லவில்லையாம்.