கன்றுக்கு விட்ட இரண்டு காம்புகள்

விடிகாலை ஐந்து மணிக்குக் கோட்டாற்றில் வண்டி பிடித்தேன். கருங்கல் சந்தைக்குப் பதினைந்து மைலுக்கு மேல். கூலி அந்த ஊர்க் காசில் எட்டுச் சக்கரம். வண்டிக்காரர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சுசீந்திரத்து அம்மாள் ஒருத்தியையும் அவளுடைய கன்றுக்குட்டியையும் ஏற்றிக்கொண்டார். கன்று என் வேட்டியைச் சப்பத் தொடங்கியது. முழுக் கூலி கொடுத்தவனுக்கு நல்ல மரியாதை!

"கோவப்படாதீங்கோ ஐயா. எனக்க பசுவ முந்தாநாள் களவாண்டுட்டானுவ, விக்கதுக்குச் சந்தைக்குத்தான் கொண்டு வருவானுவ. இதுக்குக் கஞ்சித்தண்ணிதான். இண்ணைக்குத் தாய் கிடைக்கல்லண்ணா பிழைக்காது" என்றாள்.

வேட்டியைக் கன்றுக்கே விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. வயல்கள் வெடித்துக் கிடந்தன. தக்கலை தாண்டினால் செம்மண் மேடு. மரச்சீனிக் கிழங்கை விரல் பருமனிலேயே பிடுங்கித் தின்றிருந்தார்கள்.

"இப்பம் மாட்டுத் தொழுத்திலதான் படுக்கணும். கண்ணசந்தா கயறுதான் மிச்சம்" என்றார் வண்டிக்காரர்.

பதினொரு மணிக்குச் சந்தை. சுற்றித் தேடியதில் பசு அகப்பட்டது. கொம்பைச் சீவி, நெற்றி வெள்ளையில் கரி பூசியிருந்தது. பிடித்திருந்தவன் எலும்பும் தோலுமாக இருந்தான்.

"இது எனக்க வீட்டுல பெறந்த பசு. இதுக்க கன்னு செத்து மாசம் ஒண்ணாச்சு" என்று சாதித்தான்.

அம்மாள் கன்றை அவிழ்த்துவிட்டாள். அது ஓடிப்போய் மடியை முட்டியது. பசு தலையைத் திருப்ப முடியாதபடி அவன் கயிற்றைக் குறுக்கிப் பிடித்துக்கொண்டான். "பசிச்ச கன்னு எந்த மடியிலயும் முட்டும்" என்றான். கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நியாயம்தானே என்று எனக்கும் பட்டது.

அவள் குனிந்து மடியைத் தடவினாள். இடப்பக்கக் காம்பு இரண்டும் தொய்ந்திருந்தன. வலப்பக்கம் இரண்டும் பால் கட்டி விம்மி நின்றன. இந்தப் பக்கத்தில் கறக்கிறவர்கள் கன்றுக்கென்று இரண்டு காம்பைத் தொடாமல் விடுவது வழக்கம்.

"கன்னு செத்து மாசமாச்சுண்ணா, இண்ணைக்கு விடியக்காலத்த கறக்கும்பம் இந்த ரெண்டையும் யாருக்குலே விட்டே?"

அவன் கை கயிற்றை விட்டது. பசு திரும்பிக் கன்றை நக்கத் தொடங்கியது.

"எனக்க பசு தீனி இல்லாம செத்துப்போச்சு. பிள்ளையளுக்குக் கொடுக்க ஒண்ணுமில்ல. விடியக்காலத்த அதுவளுக்காக்கும் கறந்தேன். கை பழக்கத்துல... ரெண்டயும் விட்டுட்டேன்" என்றான்.

நாலு பேர் கை ஓங்கினார்கள். அம்மாள் குறுக்கே போய் நின்றாள். "ஒருத்தனும் தொடப்பிடாது. பட்டினியிலயும் கன்னுக்க பங்க வச்சிருக்கான் பாத்தியளா?"

எங்கள் மதுரைப் பக்கம் களவு போன மாட்டைத் இடம் சொல்லும் தரகனிடம் துப்புக்கூலி கொடுத்து மீட்பார்கள். திருடியவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருப்பது எவ்வளவு சௌகரியம் என்று அன்றுதான் தெரிந்தது.

மூன்று மணிக்குத் திரும்பினோம். பசுவும் வயிறு நிறைந்த கன்றும் வண்டிக்குப் பின்னால் நடந்தன. அம்மாள் சந்தோஷமாக இருப்பாள் என்று பார்த்தால், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அம்மா?"

"அவனுக்குப் பிள்ளைய எத்தனையெண்ணு கேக்காம வந்துட்டேனே ஐயா."