பூங்கொடிக்கு நான் தேர்ந்தெடுத்த விசை

பூங்கொடியின் துப்பாக்கிக்கு, அவள் விரலுக்கு ஒவ்வாத விசையை (டிரிகரை), ஒவ்வாது என்று தெரிந்தே தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள் நான். மாநில அணியில் அவள் நிற்க வேண்டிய இடத்தில் இன்று நான் நிற்கிறேன்.

நீங்கள் எனக்குக் கைதட்டியிருக்கலாம்... "நம்ம குன்னூர்ப் பொண்ணு" என்று என் படத்தை நாலு பேருக்கு அனுப்பியும் இருக்கலாம். தயவுசெய்து அந்தக் கைதட்டலைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவளைப் பற்றிப் பேசும்போதுதான் என் வாயில் கலப்படம் இல்லாத உண்மை வருகிறது.

சோலூர்க்காரி. அப்பாவோடு சேர்ந்து கேரட் விவசாயம் பார்க்கிறாள். விடியும்முன்னே கேரட் பிடுங்கி, பனிபோல் சில்லிட்ட தண்ணீரில் அலசி, மூட்டைகளை வண்டியில் ஏற்றிவிட்டு, அந்த ஈரக் கையோடு ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு ஊட்டியில் எங்கள் ரைபிள் கிளப்புக்கு வந்து இறங்குவாள். நான் வெலிங்டனில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். அவளைவிட வயதில் மூத்தவள், கிளப்பிலும் மூத்தவள். பத்து மீட்டர் ஏர் ரைபிள் என்றால் இருவருக்குமே பித்து.

அவள் சுடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! வந்ததிலிருந்து ஓயாமல் வாயடிப்பாள். எல்லோரையும் கிண்டல் செய்வாள். என் மூக்குக்கண்ணாடியைக்கூட விட்டுவைக்க மாட்டாள். தோளில் துப்பாக்கி ஏறிவிட்டால் வேறு மனுஷி. மூச்சு அடங்கிவிடும். எப்போது விரலை அழுத்தினாள் என்று பக்கத்தில் நிற்கும் எனக்கே தெரியாது. குறி அட்டையில் நடுப்புள்ளி மட்டும் காணாமல் போயிருக்கும்.

அந்த விரல் எனக்கு இந்தப் பிறவியில் வராது. பொறாமைப்பட்டேனா? பட்டேன், வயிறெரியப் பட்டேன். ஆனால் என் முறையை மறந்து, வாயைப் பிளந்துகொண்டு அவள் சுடுவதைப் பார்த்து நின்றதும் நான்தான்.

அவளுடைய துப்பாக்கியோடு வந்த விசை படுமோசம். மணல் அரைபடுவதுபோல் கரகரவென்று இழுபடும். மாநில அணித் தேர்வு நெருங்கியதும் அதைக் கழற்றிவிட்டு நல்லதாக வேறொன்று மாட்ட ஆசைப்பட்டாள். கோயமுத்தூர்க் கடைக்காரர் இரண்டு விசைகளை அனுப்பி, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பச் சொன்னார்.

"ஏனுங்கக்கா, எதை மாட்டறது? உங்களுக்குத்தான் இதெல்லாம் அத்துப்படி. நீங்க எதச் சொல்றீங்களோ அதுதான்" என்றாள்.

ஒன்று இரண்டு கட்டமாக இயங்குவது. விரல் சற்றுத் தளர்வாகப் போய் ஓரிடத்தில் தட்டி நிற்கும். அதற்கு மேலும் அழுத்தினால்தான் குண்டு கிளம்பும். மற்றொன்றில் தட்டி நிற்கும் இடமே கிடையாது. தொட்டால் போதும். ஆகா, என்ன அருமையான வேலைப்பாடு! கண்ணாடியை உடைத்தாற்போல் சட்டென்று விடும். அதை நான் வானளாவப் புகழ்ந்தேன். புகழ்ந்ததில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

சொல்லாமல் விட்டதில்தான் இருக்கிறது என் குற்றம்.

மலையில் சுடுகிற எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விசையைச் சோதிக்கும்முன் சூடான டீ கிளாஸை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்து, விரல் நன்றாகச் சூடேறிய பிறகே தொடுவோம். குளிரில் மரத்த விரலுக்கு எவ்வளவு லேசான விசையும் கெட்டியாகத்தான் தெரியும். அதை நம்பிக் கீழ்நாட்டுப் போட்டிக்குப் போனால், அங்கே வெயிலில் விரலுக்கு உணர்ச்சி திரும்பி, குறி பார்ப்பதற்குள் குண்டு போய்விடும்.

பூங்கொடி டீயே குடிக்க மாட்டாள். நாங்கள் குளிருக்காகத்தான் கிளாஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்று நினைத்துக் கேலி செய்வாள். மலையை விட்டு இறங்கி அவள் ஒரு போட்டியிலும் சுட்டதில்லை. அவளுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? நான்தானே!

அன்று காலை நல்ல மூடுபனி. கேரட் அலசிய கை விறைத்து, நகமெல்லாம் நீலம் பாய்ந்து வந்து நின்றாள். என் பையில் சூடான டீயோடு பிளாஸ்க் இருந்தது... திறக்கவில்லை. "இப்பவே பாத்துரு அம்முணி" என்று, அந்த லேசான விசையை மாட்டிய துப்பாக்கியை நீட்டினேன்.

அதை இழுத்துப் பார்த்தாள். "அட, கச்சிதமா இருக்குதுங்கக்கா! ரொம்ப லேசுனு பயந்துட்டு இருந்தனுங்க." அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாமா? என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன், மனம் கேட்கவில்லை. அந்த நேரத்தில் என் கை பையின் ஜிப்பை இறுக மூடிக்கொண்டிருந்தது.

தேர்வு வரைக்கும் அவள் அதே விறைத்த கையோடு வந்து அற்புதமாகச் சுட்டாள். நான் குட்டிச்சுவர்போல் நின்று ரசித்தேன். ஆமாம்... ரசிக்கவும் செய்தேன்! இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறாள், இதோ எழுதிக்கொண்டிருக்கிறாள்.

தேர்வு கீழே, கொளுத்தும் வெயிலில். அணியில் ஓர் இடம்தான் மிச்சம். அது எங்களில் ஒருத்திக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒத்திகைக் குண்டுகளைச் சுட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"அக்கா, தொடறதுக்குள்ள போயிருதுங்க! கொஞ்சம் டைட் பண்ணலாமுங்களா?"

பண்ணலாம். என் பெட்டியில் சின்னத் திருகுசாவி இருந்தது. ஒரு திருப்புத் திருப்பினால் தீர்ந்தது. அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுமில்ல அம்முணி, படபடப்பு. மூச்ச நல்லா இழுத்து உடு, சரியாப் போயிரும்" என்றேன்.

"சரிங்கக்கா" என்று போய்விட்டாள்.

பிளாஸ்க்கை மூடி வைத்தது அற்பத்தனம் என்றால், இது பச்சைத் துரோகம். வேறு எந்தப் பெயரும் இதற்குப் பொருந்தாது.

குண்டுகள் அட்டையின் ஓரத்தைத் தேடிப் போயின. ஒவ்வொரு முறையும் அவள் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. தன் விரலைப் பார்த்தாள். ஆனால் கேளுங்கள்... பாதிக்கு மேல் அந்தப் பேய் விசையையும் அவள் பழக்கிவிட்டாள்! விரலை விலக்கி வைத்துக்கொண்டு, கடைசிக் கணத்தில் பூவைத் தொடுவதுபோல் தொட்டாள். முடிவில் சுட்டவை அத்தனையும் நடுவில். யாரும் சொல்லித் தராமல், அந்த நெருக்கடியில், தானாகக் கண்டுபிடித்துச் செய்தாள்! பக்கத்துத் தடத்தில் நின்ற எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனாலும் முன்னே இழந்த புள்ளிகள் இழந்தவைதாம். இடம் எனக்கு வந்தது.

முதலில் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டவள் அவள். "கெலிச்சுட்டீங்கக்கா! நம்ம கிளப்பு மானத்தக் காப்பாத்தீட்டீங்க!" என் தோளில் ஈரம் பட்டது. வியர்வை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு அவள் கிளப்புக்கு வரவில்லை.

அவளிடம் சொல்லாமல் உங்களிடம் ஏன் சொல்கிறேன்? இதையெல்லாம் அவள் படிக்க மாட்டாள் என்ற தைரியம்தான். அவளிடம் சொன்னால் இந்த இடம் போய்விடும். வேறு அழகான காரணம் எதையும் நான் தேட விரும்பவில்லை. எனக்கு இந்த இடம் வேண்டும்... இன்னமும் வேண்டும்! அணிச் சட்டையைப் போடும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது. கூசினாலும் போட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் ஊட்டி மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். மூட்டைகளுக்கு நடுவே நின்று வியாபாரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவள், என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். துப்பாக்கியை விற்றுவிடப் போகிறாளாம்.

"ஏன், டிரிகர் புடிக்கலியா?" எப்படித்தான் கேட்டேனோ!

"ஐயோ, அது தங்கமான டிரிகருங்க. நீங்க பாத்து எடுத்துக் குடுத்ததாச்சே! என்ற விரலுதானுங்க அவசரக்குடுக்கை" என்று சிரித்தபடி அந்த விரலை என் முன்னால் நீட்டினாள்.

மண் அப்பிய, வெடித்த, நான் பார்த்ததிலேயே அழகான விரல். எத்தனையோ காலம் நான் ஏங்கிய விரல். அதையே அவள் சந்தேகிக்கிறாள். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. வாயையும் திறந்துவிட்டேன்.

"விடு அம்முணி... இதெல்லாம் எல்லார்த்துக்கும் அமையாது" என்றேன்.

கொஞ்ச நேரம் தன் விரலையே பார்த்தாள். பிறகு அதைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாங்கக்கா. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."