அண்ணனுக்கு மிஞ்சிய ஒரு சொல்

சென்னை ஆஸ்பத்திரியின் நீண்ட வராந்தாவில், தலை முழுக்கக் கட்டோடு அண்ணன் படுத்திருந்தான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில நாட்கள் நினைவில்லாமல் கிடந்தவன் அன்று காலைதான் கண்ணைத் திறந்தான். நர்ஸ் குனிந்து, "உங்க பேரு என்ன?" என்று கேட்டாள்.

அண்ணன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு மிகத் தெளிவாக, "வெட்டுடா" என்றான்.

நர்ஸ் சட்டென்று நிமிர்ந்தாள். அண்ணி வசந்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பேசிட்டாரு, பேசிட்டாரு" என்று அழுதாள். நானும் அழுதேன். ஒரு சொல் வந்துவிட்டது, மற்றவை பின்னாலேயே வரும் என்று நினைத்தேன். பேச்சு போய்விட்டதற்கு அதுதான் முதல் அறிகுறி என்பது மாலையில் டாக்டர் வந்து சொன்னபோதுதான் தெரிந்தது.

தலையில் அடிபட்டோ பக்கவாதம் வந்தோ பேச்சிழந்த ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொறுமையாக இருங்கள் என்று உங்களிடம் பலர் சொல்லியிருப்பார்கள். அடி விழும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. அண்ணன் ஏழுமலை கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் எங்கள் ஊரில் விவசாயம் பார்த்தான். வாய்க்காரன். மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டையோடு மண்டிக்குப் போனால் தரகரைச் சிரிக்க வைத்தே காரியத்தை முடித்துக்கொண்டு வருவான். நான் திருவண்ணாமலையில், காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பேச்சுப் பயிற்சி ஆசிரியை. பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் தனியாகக் குடியிருந்தேன்.

ஊரில் எங்களுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் கிணறு பொது. யார் எப்போது மோட்டார் போடுவது என்பதில் ஓயாத தகராறு. அன்று கரண்ட் வந்ததும் அண்ணன் மோட்டாரைப் போட்டுவிட்டு, கொல்லையின் (நிலத்தின்) மறுகோடியில் நின்ற அண்ணியின் தம்பி பச்சையப்பனிடம் மடையை வெட்டித் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லிக் கத்தியிருக்கிறான்: "வெட்டுடா! வெட்டுடா!" சித்தப்பா மகன் கண்ணுசாமி பின்னால் வந்து, மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, இடது காதுக்கு மேலே ஓங்கி அடித்தான். அண்ணன் வாய்க்காலில் குப்புற விழுந்தான். விழுந்தவன் முதுகில் இன்னொரு அடி. பச்சையப்பன் ஓடிவந்து தூக்கியபோது தண்ணீர் சிவப்பாகச் செடிகளுக்குள் பாய்ந்துகொண்டிருந்ததாம்.

கண்ணுசாமியை அன்றைக்கே போலீஸ் பிடித்துவிட்டது.

மண்டையோட்டின் ஒரு துண்டு உடைந்து உள்ளே அமுங்கியிருந்தது என்றார் சென்னை டாக்டர். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதோடு அஃபேசியா (மூளையில் பட்ட காயத்தால் மொழி குலைந்துபோவது). "அடிபடும்போது வாயில இருந்த சொல் சில பேருக்கு அப்படியே மாட்டிக்கும். தண்ணி வேணும்னு நினைப்பாரு, வெட்டுடான்னுதான் வரும். அதுல அர்த்தம் தேடாதீங்க" என்றார்.

"நாம சொல்றது அவனுக்குப் புரியுமா சார்?"

"நிறைய புரியும். அதுதான் கஷ்டம்."

ஊருக்கு வந்ததும் உறவினர் எல்லோரிடமும் இதைச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

வலிப்புக்கு மாத்திரை, காயத்துக்குக் கட்டு என்று அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்ததால் அண்ணனை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். அண்ணியும் அவர்கள் மகள் கலாவும் கூட வந்துவிட்டார்கள். கலாவை அப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தது.

எனக்கு ஒரு தைரியம் இருந்தது. பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்டறியாத பிள்ளைகளையே பேச வைக்கிறேன், அண்ணனை வைக்க முடியாதா? பள்ளியில் செய்வதுபோல அவனைக் கண்ணாடி முன் உட்காரவைத்தேன். உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்து, அது ஆடும்படி "ப" என்று சொல்லிக் காட்டினேன். "சொல்லுண்ணா. ப."

அவன் காகிதத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குள் மொட்டைத் தலை, பள்ளம் விழுந்த மண்டை, ஒரு பக்கம் தொங்கிய வாய். அடிபட்ட பிறகு அவன் தன் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. இடது கையால் கண்ணாடியைப் பிடுங்கி என் முகத்தில் அடித்தான். தாடையில் ஏதோ நொறுங்குவது எனக்கே கேட்டது. தடுக்க வந்த அண்ணியை வயிற்றில் உதைத்தான். அண்ணி சுவரில் மோதி உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு என் வாயில் ரத்தத்தைப் பார்த்தான். பக்கத்தில் நகர்ந்து வந்து, என் புடவை மடிப்பில் கிடந்த கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். "வெட்டுடா... வெட்டுடா..." கெஞ்சுகிற குரல். மன்னிப்புக் கேட்கிறான் என்று புரிந்தது. ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டதும் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

கீழ்ப்பல் ஒன்று போயிற்று. வீங்கிய தாடையோடு பள்ளிக்குப் போனேன். என் பிள்ளைகள் நான் பேசும்போது தாடையில் கைவைத்து அதிர்வை உணர்ந்து கற்பவர்கள். அன்று ஒருவரும் தொடவில்லை.

உள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் அண்ணனைப் பார்த்துவந்த டாக்டர் என் தாடையைப் பார்த்துவிட்டு நடந்ததைக் கேட்டார். "டீச்சர், அவரு குழந்தை இல்ல. அவருக்கு எல்லாச் சத்தமும் தெரியும், போற வழிதான் அடைஞ்சிருக்கு. புதுசா கத்துத்தர்றவங்க மாதிரி அவருகிட்ட போகாதீங்க" என்றார். பத்து வருஷம் நான் கற்றுத்தந்த முறை இங்கே உதவாது என்பது அடியைவிட அதிகமாக வலித்தது.

அண்ணன் அதற்குப் பிறகும் அடித்தான். சோற்றுத் தட்டு பறக்கும். கேட்டது கிடைக்காவிட்டால் அண்ணியின் முடியைப் பிடித்து இழுப்பான். அடிக்கும் நேரம் நெருங்குவதை அண்ணி கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டாள்: கழுத்து நரம்பு புடைக்கும், மூச்சு வேகமாகும். அப்போது கேள்வியை நிறுத்திவிட்டு விலகி நிற்க வேண்டும். நீங்களும் இதைக் கவனியுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசாதீர்கள். ஆமாம், இல்லை என்று கையாலேயே சொல்லும்படி கேளுங்கள். கேட்டபின் காத்திருங்கள்.

இந்த நிலையில்தான் பச்சையப்பன் வந்தான். நான் பள்ளியில் இருந்தேன். அண்ணி கடைக்குப் போயிருந்தாள். நடந்ததை அவன் பிறகு போலீஸிடம் சொன்னான். மாமாவின் காலடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். "அவனுங்கள இன்னா பண்ணட்டும் மாமா?"

"வெட்டுடா" என்றிருக்கிறான் அண்ணன்.

"நெசமாவா?"

"வெட்டுடா. வெட்டுடா."

அன்று கொல்லைமேட்டில் தன்னிடம்தான் அப்படிக் கத்தினார், இன்றும் தன்னிடம்தான் சொல்கிறார் என்று பச்சையப்பன் நம்பிவிட்டான். கண்ணுசாமி ஜெயிலில் இருந்ததால் அவன் தம்பி துரையைத் தேடிப் போனான். துரை அடிதடி நடந்த அன்று ஊரிலேயே இல்லாதவன். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்துகொண்டிருந்தவனைப் பின்னாலிருந்து அரிவாளால் தோளில் வெட்டினான். துரை கையை உயர்த்தித் தடுத்தபோது இரண்டு விரல்கள் துண்டாகித் தெருவில் விழுந்தன. ஜனம் கூடிக் கல்லெறிந்து பச்சையப்பனைப் பிடித்தது.

ஸ்டேஷனில் அவன் முதலில் சொன்னது இதுதான்: "மாமா சொன்னாரு, வெட்டினேன்."

அண்ணன் தூண்டிவிட்டதாக வழக்கு என்று இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். அண்ணனைக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்த நாள். டாக்டர் அறையிலேயே விசாரணை நடந்தது.

"ஏழுமல, பச்சையப்பன்கிட்ட நீ இன்னா சொன்ன?"

"வெட்டுடா."

இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் நோயை விளக்கினார். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. "எத்தனையோ நடிப்பு பாத்துட்டேன் டாக்டர்."

"சார், நான் கேக்கட்டுமா?" என்றேன். "அண்ணா, காலையில இன்னா சாப்பிட்ட?"

"வெட்டுடா."

"உன் பொண்டாட்டி பேரு இன்னா?"

"வெட்டுடா."

"சொல்லிக் குடுத்து வெச்சிருக்கீங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அண்ணியின் முந்தானையைப் பிடித்து நின்ற கலாவை இழுத்து அவன் முன்னால் நிறுத்தினேன். "அண்ணா, இது யாரு?"

அவன் முகம் இளகியது. இடது கையால் அவள் கன்னத்தைத் தடவினான். "வெட்டுடா" என்றான் மெதுவாக. "வெட்டுடா."

கலா அவன் முழங்காலில் சாய்ந்துகொண்டாள். இன்ஸ்பெக்டர் குனிந்து, "அப்பா இன்னாம்மா சொல்றாரு?" என்று கேட்டார்.

"என்னக் கூப்பிடுறாரு" என்றாள் கலா.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தார். அண்ணன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். தன் வாயிலிருந்து என்ன வருகிறது என்பது அப்போதுதான் அவனுக்கு முழுசாக விளங்கியிருக்க வேண்டும். கையை முஷ்டியாக்கித் தன் வாயிலேயே குத்தினான். உதடு கிழிந்தது. மறுபடி குத்தினான். டாக்டரும் இன்ஸ்பெக்டரும் சேர்ந்துதான் அந்தக் கையைப் பிடித்து நிறுத்த முடிந்தது. இன்ஸ்பெக்டரின் சட்டையெல்லாம் ரத்தம். அவர் அதைத் துடைக்காமலேயே வெளியே போனார். அண்ணன் மேல் வழக்கு வரவில்லை. பச்சையப்பன் ஜெயிலுக்குப் போனான்.

அன்று கிளம்பும்போது டாக்டர் கேட்டார்: "வார்டுல இந்த மாதிரி இன்னும் நாலஞ்சு பேரு கெடக்கறாங்க. பக்கவாதம்தான் ஜாஸ்தி. ஸ்கூல் விட்டதும் வந்து பாக்கறீங்களா?"

"எனக்கு இதுக்குப் படிப்பு இல்ல சார்."

"எனக்கும் கம்மிதான். சேந்து கத்துக்கலாம்."

போனேன். வாயிழுத்துக்கொண்டவர்கள், கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டு பிழைத்தவர், ஆசிட் குடித்துத் தொண்டை வெந்த பெண். பேச்சுக்கு முன்னால் விழுங்கவே அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியிருந்தது. பள்ளியில் என்னைக் கடிக்கும் பிள்ளை அடுத்த நிமிஷம் மடியில் ஏறிக்கொள்ளும். வார்டில் கடித்தவர் விடமாட்டார். என் சுட்டுவிரலில் இன்றும் தழும்பு உண்டு. சில வருஷம் கழித்துப் பள்ளி வேலையை விட்டுவிட்டேன். "இங்க குழந்தைங்க உங்களுக்காகக் காத்திருக்காங்களே" என்றார் தலைமையாசிரியை. ராஜினாமா கடிதத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அண்ணனுக்கு அடுத்த சொல் ஒரு கார்த்திகைத் தீபத்தன்று வந்தது. மலை உச்சியில் ஜோதி தெரிந்ததும் தெருவே "அண்ணாமலையாருக்கு" என்று எழுந்தது. "அரோகரா" என்று அண்ணனும் கத்தினான். கத்திவிட்டுப் பயந்துபோய் என்னைப் பார்த்தான். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். சிந்திக்காமல் பழக்கத்தில் வரும் சொற்கள் மூளையில் வேறு பாதையில் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டோம். நான் "திங்கள், செவ்வாய்" என்று தொடங்குவேன், அவன் "புதன்" என்பான். "சோறு..." என்று அண்ணி பாதியில் நிறுத்துவாள், அவன் "போடு" என்று முடிப்பான். ஒவ்வொரு சொல்லும் வர வர அடி குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது.

கண்ணுசாமி தண்டனை முடிந்து வந்தான். ஒருநாள் கிணற்றுமேட்டில் எதிரெதிரே நின்றார்கள். சமாதானம் ஆனார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். கண்ணுசாமி "அண்ணா" என்று வாயெடுத்தான். அண்ணன் குனிந்தான். கீழே கிடந்த கல்லை எடுத்தான். கலா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கல் விழும்வரை விடவில்லை. துரை அந்தப் பக்கமே வருவதில்லை.

இது எண்பதுகளின் நடுப்பகுதி. அண்ணன் இப்போது சின்னச் சின்ன வாக்கியம் பேசுகிறான். செயல்படாத வலது கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அதை "அவன்" என்கிறான். "அவன் தூங்கறான்" என்பான், எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

காலத்துக்கு அவனிடம் இருப்பது ஒரே சொல், "நேத்து". கல்யாணம் நேற்று. கலா பிறந்தது நேற்று. கலா இப்போது பாவாடை தாவணியில் ஹைஸ்கூலுக்குப் போகிறாள். "அது நேத்து இல்லப்பா, பதிமூணு வருஷம் ஆச்சு" என்று திருத்துவாள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நேத்துதான்" என்பான்.

போன வாரம் அவனிடம் கேட்டேன். "அண்ணா, உனக்கு எப்ப அடிபட்டுச்சு?"

காத்திருந்தேன். வார்டில் இப்போது அப்படித்தான் இருக்கிறேன். கேட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரமானாலும். வெளியே மாட்டுவண்டி ஒன்று தெருமுனை வரை போய் மறைந்தது.

"நேத்து" என்றான் கடைசியில். பிறகு என் தாடையை, பல் போன பக்கத்தை, விரல் நுனியால் தொட்டான். "இது?" என்று கேட்டான்.

குளிர் நாளில் அந்தத் தாடை இன்னும் வலிக்கும். வாயைத் திறந்தால் ஒரு சத்தம் வரும். அவன் விரலைப் பிடித்துக்கொண்டு, "அதுவும் நேத்துதாண்ணா" என்றேன்.