சேவலின் ரத்தமும் என் மகளின் ரத்தமும்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்த மழைக்காலம் முழுவதும் மலேரியாக் குளிர்காய்ச்சல் பேச்சுத்தான். எங்கள் வரிசையில் கடைசி வீட்டுக் குழந்தை அதில்தான் போனது. அதனால் என் மகளுக்கு உடம்பு சுட்டதும் இரண்டு காரியம் செய்தேன். ரத்தம் சோதிக்க டாக்டரிடம் போக வேண்டும் என்று கணவரிடம் சொன்னேன். தண்டவாளத்துக்கு அப்பால் இருக்கும் முனீஸ்வரருக்கு ஒரு சேவல் விடுவதாகவும் நேர்ந்துகொண்டேன்.

"குணமானதுக்கு அப்புறந்தானே சேவல் விடுவாங்க?" என்றார் கணவர்.

"அதுவரைக்கும் காத்திருந்தா சாமி தப்பா நினைச்சுக்காதா?"

"சாமி நினைக்காது. டாக்டர்தான் நினைப்பாரு, கோழிக்கு வைத்தியம் பார்க்க வந்திருக்கோம்னு."

சொன்னாரே தவிர, டாக்டரிடமிருந்து நேரே கோயிலுக்குப் போகலாம் என்று பிரம்புக் கூடையில் சேவலை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். குழந்தையின் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவினார். சாயம் ஊற்றிக் கழுவி, காயவைத்து, நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார். அந்த நேரம் முழுவதும் நான் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிவப்பு அணுவுக்குள்ளதான் குளிர்காய்ச்சல் கிருமி குடியிருக்கும். இதில ஒண்டும் இல்லை, தங்கச்சி," என்றார்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். எனக்கு மனம் ஆறவில்லை. "நானும் பார்க்கலாமா ஐயா? பள்ளிக்கூடத்துல பார்த்திருக்கேன்," என்றேன். கணவர் கூடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

கான்வென்டில் எங்கள் சிஸ்டர் ஒரே ஒரு நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு வகுப்பு முழுவதற்கும் காட்டியவர். வெங்காயத் தோலில் ஒவ்வொரு செல்லும் சுவர் எழுப்பிக்கொண்டு, செங்கல் அடுக்கியதுபோல் இருந்தது. எங்கள் கன்னத்தின் உட்புறத்திலிருந்து சுரண்டிய செல்லுக்குச் சுவர் இல்லை, ஓரம் நெளிந்து கிடந்தது. தவளையின் ரத்தத்தில் செல்கள் நீள்வட்டமாக இருந்தன. மூன்றிலும் நடுவில் ஒரு புள்ளி தெரிந்தது. அதுதான் உட்கரு. சுவர் செடிகளுக்கு மட்டும், உட்கரு எல்லாவற்றுக்கும், அது இல்லாத செல் பிழைக்காது என்று சிஸ்டர் சொன்னார். பரீட்சையில் அதையே எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன்.

இப்போது குனிந்து பார்த்தால், வெளிறிய வட்டங்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. எங்கோ ஒன்றில் ஊதா நிறத்தில் உட்கரு இருந்தது. மற்ற எதிலும் இல்லை. நடு வெறுமையாக இருந்தது.

"ஐயா, உட்கருவே இல்லையே," என்றேன். "புள்ளை ரத்தம் செத்துப்போச்சா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "ஆர் சொன்னது? உங்கட கையைத் தாங்கோ."

என் ரத்தத்தையும் அதேபோல் தடவிச் சாயம் போட்டுக் காட்டினார். அதே வெறும் வட்டங்கள்.

"பாத்தீங்களா? உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. எங்கட சிவப்பு அணுவுக்கு முதல்ல உட்கரு இருந்தது. ரத்தத்துக்கு வாறதுக்கு முந்தி அதை வெளியில தள்ளிப்போட்டு, அந்த இடத்திலயும் பிராணவாயுவை ஏத்திக்கொண்டு ஓடுது. வெள்ளை அணுவுக்குத்தான் உட்கரு இருக்கும். நீங்கள் கண்ட ஊதா அதுதான்."

"தவளைக்கு இருந்துச்சே."

"தவளைக்கு இருக்கும். மீனுக்கு இருக்கும். கோழிக்கும் இருக்கும்." அவருடைய கண் கூடைக்குப் போனது. "அது கறிக்கோ?"

கறிக்கு என்றே சொல்லிவிடுவதாக வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த கணவருக்கு அந்தப் பொய் வாயில் வரவில்லை. "நேர்த்திக்கடன் ஐயா," என்றார்.

"ஒரு துளி தந்தால் சாமி கோவிக்குமோ?"

கணவர் சேவலை இறுக்கிப் பிடிக்க, டாக்டர் அதன் கொண்டையில் குத்தினார். விரலில் குத்தியதிலிருந்து அழுதுகொண்டிருந்த மகள், சேவல் போட்ட கூச்சலில் அழுகையை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அதன் ரத்தத்தை நானும் நுண்ணோக்கியில் பார்த்தேன். நீள்வட்டச் செல்கள், ஒவ்வொன்றிலும் ஊதா உட்கரு, தவளையைப் போலவே. சிஸ்டர் காட்டியதில் பிழையில்லை. எங்களுக்கு எங்களுடைய ரத்தத்தைக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

"காய்ச்சல் திரும்பக் கூடினால் கொண்டுவாங்கோ, திரும்பப் பாப்பம்," என்று அனுப்பினார்.

தண்டவாளம் தாண்டும்போதே எனக்கு அடுத்த கவலை வந்துவிட்டது. ரத்தம் எடுத்த சேவலைச் சாமிக்கு விடலாமா? பூசாரியிடம் மறைக்காமல் கேட்டேன். அவர் கொண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உசுரோடதானேம்மா இருக்கு? கொசு கடிச்சா ஆகாதுன்னு சொன்னா ஒரு சேவலும் தேறாது. உட்டுட்டுப் போம்மா."

அவிழ்த்துவிட்டதும் அது சூலத்தின் அடியில் போய் நின்று இறகை உதறிக்கொண்டது. மகள் என் தோளில் தூங்கிவிட்டிருந்தாள். அவளுடைய பிடரியைத் தொட்டேன். ஈரம். வேர்த்துக்கொண்டிருந்தது, சூடு இறங்கியிருந்தது.

குளிர்காய்ச்சலிலும் இப்படித்தான் வேர்த்துவிட்டு மறுபடி ஏறும் என்று வரிசை வீடுகளில் சொல்வார்கள். அந்த நினைப்பும் வரத்தான் செய்தது. ஆனால் அந்த வெறும் வட்டங்களை என் கண்ணால் பார்த்திருந்தேன். உள்ளே எதுவும் குடியேறாத, நல்ல வெறுமை.

"ஏங்க, தொட்டுப் பாருங்க," என்றேன்.

தொட்டுப் பார்த்தார். காலிக் கூடையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தூறலில் எங்களுக்கு முன்னால் நடந்தார்.