முப்பத்தேழாம் மனையில் ஒரு பாதை

நடந்ததைத்தான் எழுதுகிறேன். கதை கட்டுகிற சாமர்த்தியம் இருந்தால் மனை விளம்பரம் எழுதப் போயிருப்பேன். நான் வெறும் லே-அவுட் வரைகிறவன். காலி நிலத்தில் தெருப் போடுவது என் வேலை.

தப்பும் என்னுடையதுதான். சர்வேயர் அண்ணன் அளந்து தந்த வரைபடத்தில் ஒற்றையடிப் பாதை ஒன்று குறுக்கே ஓடியது. அதை எடுத்துவிட்டால் இரண்டு மனை கூடுதலாக வரும். கம்ப்யூட்டரில் ஒரே தட்டு; அழித்துவிட்டேன். முதலாளி முதுகில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமை இடத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள்.

வியாழன் மாலை 5.10. எல்லைக் கற்களைச் சரிபார்க்க வரைபடத்தோடு உள்ளே போனேன். ஆறு மணிக்கு மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும்.

5.35. கிளம்பினேன். வலப்பக்கம் திரும்பினால் வாசல். திரும்பினேன். முப்பத்தேழாம் எண் கல்.

இடப்பக்கம் போனேன். மறுபடியும் முப்பத்தேழு.

நான் போட்ட தெருவில் நானே தொலைந்தது தெரிந்தால் வீட்டுக்காரி ஒரு வருஷம் சொல்லிச் சிரிப்பாள். அதுவரை எனக்கும் சிரிப்புதான்.

5.58. பின்னால் சத்தம். சரக்... தொப்... சரக்... தொப்... ஒரு காலில் செருப்பு. மறுகால் வெறுங்கால். ஒரு பெண் குரல்.

"தம்பி, வழி எங்கப்பா? புள்ள ஸ்கூல்ல நிக்குது."

திரும்பினேன். யாருமில்லை.

6.14. ஓடினேன். முப்பத்தேழு. போனில் சிக்னல் இல்லை. என் மகள் தனியாக... கேட்டைப் பூட்டியிருப்பார்கள்...

"வழி எங்கப்பா..."

காதருகே.

அழுதுவிட்டேன். வரைபடத்தை முழங்காலில் விரித்தேன். முப்பத்தேழுக்கும் முப்பத்தெட்டுக்கும் குறுக்கே அந்தப் பாதையைப் பேனாவால் இழுத்தேன்.

"இதோ... போம்மா..."

சரக்... தொப்... என்னைத் தாண்டிப் போனது.

நிமிர்ந்தேன். எதிரே வாசல்.

6.40. மகள் அழவேயில்லை. "ஒரு அத்தை கூடவே நின்னாங்கப்பா. 'அப்பா வந்துக்கிட்டே இருக்காரு'ன்னாங்க. பாவம், ஒரு கால்ல செருப்பே இல்ல."

சர்வேயர் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அந்தப் பழைய பாதைல யாருண்ணே போவாங்க?"

"விடுப்பா. உனக்கு வேற வேலை இல்ல?"

"மழுப்பாதீங்கண்ணே."



"ஒரு அம்மா தினமும் புள்ளைய கூட்டிவரப் போகும். செவ்வாக்கிழமை வேலிய ஏறித் தாண்டப் பாத்திருக்கு, முடியல. மெயின் ரோட்டைச் சுத்தி ஓடியிருக்கு. லாரி அடிச்சிருச்சு. ஆள் அங்கேயே போயிருச்சுப்பா. ஒத்தச் செருப்பு மட்டும் நம்ம கம்பில மாட்டிக்கிட்டு கிடந்துச்சு... நான்தான் எடுத்துப் போட்டேன்."